செம்புத் தொட்டிக்குப் பை தைப்பவர்

அந்த அம்மாவிடம், "இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீங்க?" என்று கேட்டால் தன்னைப் பற்றிச் சொல்ல அவருக்கு வராது. சட்டைக் கம்பெனியை மூடியபோது, அவர் உட்கார்ந்து தைத்த மெஷினையே வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்ன மெக்கானிக்கைப் பற்றிச் சொல்வார். அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியதில் இடுப்புப் பிடித்துக்கொண்ட கணவரைப் பற்றிச் சொல்வார். பிறகு மீசைக்காரர். அங்கே வந்துவிட்டால் பேச்சு நீளும்.

மீசைக்காரர் வைத்திருப்பது உலோகத்துக்கு முலாம் பூசும் பிளேட்டிங் பட்டறை. பித்தளையாக வரும் கதவுக் கைப்பிடிகள் செம்பு, நிக்கல், குரோம் என்று மூன்று தொட்டிகளில் முழுகிப் பளபளவென்று வெளியே போகும். ஒவ்வொன்றையும் அவர் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். அதில் மீசை முடி தனித்தனியாகத் தெரிந்தால் பாஸ். கலங்கலாகத் தெரிந்தால் திரும்பவும் பாலிஷுக்குப் போக வேண்டியதுதான். பாலிஷ் சக்கரத்தில் நிற்பவர் அம்மாவின் தம்பி. "அந்த மீசையை எடுத்துட்டா எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்று அவர் முணுமுணுப்பது சக்கரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

செம்புத் தொட்டியில் கைப்பிடிகளுக்கு இருபுறமும் செம்புக் கட்டிகள் தொங்கும். மின்சாரம் ஓட ஓடக் கட்டி கரைந்து கைப்பிடிமேல் ஏறும். கரையாத கசடு கறுப்பாக உதிரும். அது தொட்டி நீரில் கலந்துவிடாமலிருக்க ஒவ்வொரு கட்டிக்கும், தலையணைக்கு உறை போடுவதுபோல, ஒரு பை போடுவார்கள். தொட்டியில் இருப்பது அமிலம் என்பதால் பைக்குப் பிளாஸ்டிக் இழையில் நெய்த துணிதான் சரிப்படும்.

ஒருமுறை தம்பி ஒரு கிழிந்த பையை நன்றாக அலசிக் கொண்டுவந்தார். "அக்கா, இதைத் தைக்க முடியுதான்னு பாரேன். கடையில வாங்கறது கொஞ்ச நாள்கூடத் தாங்க மாட்டேங்குது."

அக்கா அதைத் தைக்கவில்லை. முழுவதையும் பிரித்துப் போட்டுப் பார்த்தார். அடியில் ஒற்றைத் தையல்தான் ஓடியிருந்தது. காலருக்கு மடிப்பதுபோல விளிம்பை உள்ளே மடக்கி, இரட்டைத் தையல் போட்டு, புதிதாக ஒன்று செய்து கொடுத்தனுப்பினார். மீசைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பட்டன் வெச்சா நானே போட்டுக்குவேன் போலிருக்கே" என்றாராம். அதன்பின் அந்தப் பட்டறைக்குப் பை எல்லாம் அம்மா கையால்தான். சம்பளம் நின்றுபோயிருந்த வீட்டில் மறுபடி மெஷின் சத்தம் கேட்டது.

தவறு நூலில் வந்தது. துணியைப் போலவே நூலும் பிளாஸ்டிக் நூலாக இருக்க வேண்டும். ஒருமுறை கடையில் அது தீர்ந்துவிட்டது. மீசைக்காரருக்கோ அவசரம். அம்மாவிடம் சட்டைக் கம்பெனியில் கிடைத்த பருத்தி நூல் ஒரு கண்டு இருந்தது. தடித்த, முறுக்கான, முதல்தர நூல். சட்டைக்காரர்களுக்குப் பருத்திதான் உசத்தி, பிளாஸ்டிக் நூல் மட்டம். இழுத்துப் பார்த்தார். விரலை அறுத்ததே தவிர நூல் அறுபடவில்லை. அதிலேயே தைத்து அனுப்பிவிட்டார்.

சில நாள் கழித்து, தம்பி மறந்துவிட்டுப்போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அம்மா பட்டறைக்குப் போனார். உள்ளே எந்தச் சக்கரமும் ஓடவில்லை. மேஜைமேல் கைப்பிடிகள் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துத் தடவினார். அடிப்பக்கம் வழுவழுவென்று இருந்தது. மேல்பக்கம் மணல் தூவினாற்போலச் சொரசொரத்தது.

மீசைக்காரர் போனில் செம்புக்காரரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பட்டறைகளுக்குச் செம்புக் கட்டி சப்ளை செய்பவர் அவர்.

"என்னய்யா செம்பு குடுத்திருக்கே? தொட்டி பூரா கறுப்பா மிதக்குது! நாளைக்கு மறுநாள் சரக்கு போகணும். உன் செம்பை நீயே வந்து எடுத்துட்டுப் போ. நான் வேற இடம் பார்த்துக்கறேன்."

தம்பி தொட்டியிலிருந்து பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சொட்டவிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடித்தையல் மட்டும் கொட்டாவி விட்டதுபோலப் பிளந்திருந்தது. நூல் இருந்த இடத்தில் வெறும் துளைகள். அமிலம் பருத்தியைத் தின்றுவிட்டிருந்தது.

தம்பியும் பார்த்துவிட்டார். "அக்கா, சாப்பாட்டை வெச்சுட்டுக் கிளம்பு" என்றார் மெதுவாக. "நான் பார்த்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று அம்மாவுக்குத் தெரியும். பைகள் குப்பைக்குப் போகும். பழி செம்புமேல் நிற்கும். தன் தொழில் தப்பிக்கும். வாசல்வரை போனார். போனில் இன்னும் திட்டு விழுந்துகொண்டிருந்தது. அங்கிருந்தே, "அண்ணே, போனை வைங்க" என்றார்.

"இரும்மா, இவனை ஒரு வழி பண்ணிட்டு வரேன்."

"அவர் செம்பு நல்ல செம்புதாண்ணே. என் நூல்தான் கெட்ட நூல். பருத்தியில தைச்சுட்டேன். வேணும்னா இந்தப் பையைப் பாருங்க."

மீசைக்காரர் பையின் வாய்வழியே கையை விட்டார். அடிவழியே விரல்கள் வெளியே வந்தன. அவற்றை அசைத்துப் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்து, "யோவ், திட்டினதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கறேன். தப்பு எங்க வீட்டுல" என்றார்.

'எங்க வீட்டுல' என்ற சொல்லை அம்மா இன்றும் இரண்டு முறை சொல்லிக் காட்டுவார். மீசைக்காரர் 'தப்பு தையக்காரி மேல' என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு எல்லா நியாயமும் இருந்தது.

அம்மாவைப் பார்த்து, "உன்னை அப்புறம் திட்டறேன். முதல்ல தைச்சுக் குடு" என்றார்.

"நூல் இல்லையேண்ணே."

போனுக்குள்ளிருந்து செம்புக்காரரின் குரல் கேட்டது. "என்ன நூல் வேணும்னு கேளுங்க. வடிகட்டற பில்டர் துணி விக்கிறவர் ஒருத்தர் எனக்குப் பழக்கம்."

சாயங்காலம் இரண்டு கண்டு நூலோடு செம்புக்காரர் வந்து இறங்கினார். "காலையில வசவு, சாயங்காலம் சேவகம். நல்ல பொழப்புய்யா எனக்கு" என்று சொல்லி மீசைக்காரர் எதிரிலேயே உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்தார். அம்மா வீட்டில் புதுப் பைகளைத் தைக்க, பட்டறையில் தொட்டி நீரை வடிகட்டி, அடியில் தங்கியிருந்த சேற்றை வழித்தெடுத்தார்கள். சொரசொரத்த கைப்பிடிகளையெல்லாம் தம்பி சக்கரத்தில் பிடித்துத் தேய்த்தார். "அக்கா நூலுக்குத் தம்பி தோள்பட்டை" என்று வீட்டுக்கு வந்ததும் சொல்லிக் காட்டினார். சொன்ன தேதியில் சரக்கு போனது. அப்புறம் திட்டுவதாகச் சொன்ன மீசைக்காரருக்கு இன்றுவரை நேரம் கிடைக்கவில்லை.

அடுத்த முறை செம்புக்காரர் வேன் நின்றது அம்மா வீட்டு வாசலில். "பை எத்தனை இருக்கோ அத்தனையும் குடுங்கம்மா. நான் செம்பு போடற பட்டறைக்கெல்லாம் காட்டறேன்."

"என்னாலதானே திட்டு வாங்கினீங்க?" என்றார் அம்மா.

"அதனாலதாம்மா கேக்கறேன். அந்தப் பட்டறையில இனிமே செம்பைத் திட்டறதுக்கு முன்னாடி பையைத்தான் பார்ப்பாங்க. எல்லா எடத்துலயும் அப்படிப் பார்த்தா எனக்கு நிம்மதி."

இப்போது அம்மா வீட்டின் முன்னறையில் மூன்று மெஷின்கள் ஓடுகின்றன. சட்டைக் கம்பெனியில் தன்னோடு உட்கார்ந்து தைத்த இரண்டு பேரை அழைத்துக்கொண்டார். எந்த நூல் புதிதாக வந்தாலும் ஒரு முழம் வெட்டி, தம்பியிடம் கொடுத்தனுப்பி, தொட்டி நீரில் ஒரு வாரம் ஊறவைத்த பிறகுதான் ஊசியில் கோப்பார்கள். கணவர் பைகளைக் கட்டுக்கட்டாக வேனுக்குச் சுமப்பார். "இடுப்பு பத்திரம்" என்பார் அம்மா. "அந்த மெஷினுக்கு முன்னாடி இது லேசுதான். அனுப்பறதா இருந்தா தினமும் அனுப்பு" என்பார் அவர்.