வால் எண் நாற்பத்தொன்று

டோரீன் டிம்பரெலுக்குக் கண்புரை முதலில் வலது கண்ணில் வந்தது, பிறகு இடதில். ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனபோது அவள் டாக்டரிடம் போகவில்லை. உருளைக்கிழங்கு என்று நினைத்து டேலியாப் பூச்செடியின் கிழங்கை உரித்து வேகவைத்து, கணவர் ரெஜ் அதை மரியாதையாகத் தின்று முடித்த பிறகும் போகவில்லை. விமானங்களின் வால் எண் கலங்கத் தொடங்கிய மறுநாளே போய்விட்டாள். வரிசையில் ஒரு வருடம் காத்திருந்து, வலது கண்ணின் அறுவைச் சிகிச்சைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது.

அவளுக்கு வயது எழுபத்துமூன்று. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஊருக்கு வெளியே இருக்கும் விமானப்படைத் தளத்துக்கு அமெரிக்கர்களின் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் வருடத்துக்குச் சில வாரங்கள் வரும். அப்போதெல்லாம் வேலியோரம் ஏணியும் தேநீர்க் குடுவையுமாக ஒரு கூட்டம் நிற்கும். அந்தப் பைத்தியம் முதலில் ரெஜுக்குத்தான் இருந்தது. அவர் ஏணியில் நிற்பார், டோரீன் காருக்குள் உட்கார்ந்து கம்பளி பின்னுவாள். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. ஒரு நாள் ரெஜ் சிறுநீர் கழிக்கப் புதர்ப்பக்கம் ஒதுங்கிய நேரம் பார்த்து ஒரு விமானம் ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து வந்தது. யாராவது எண்ணைக் குறிக்க வேண்டுமே என்று டோரீன் பின்னலோடு ஏணியில் ஏறினாள். அடுத்த வருடம் ரெஜ் மீன் பிடிக்கப் போய்விட்டார். ஏணி அவளுக்கு நிலைத்தது.

எரிபொருள் நிரம்பிய பி-52 நடப்பதைப் பார்த்தால், பறக்கும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். இறக்கைகள் இரண்டும் ஈரத்துணி போலத் தொங்கும். அவற்றின் நுனியில் ஒரு சின்னச் சக்கரம், தரை இடிக்காமலிருக்க. எட்டு எஞ்சின்களும் கரும்புகை கக்க, வேலிக் கம்பி அதிரும், கோப்பைத் தேநீரில் வட்டங்கள் விழும். ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது முதலில் இறக்கைகள் மட்டும் மேலே போகும். உடம்பு இன்னும் தரையில்தான் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு, படுக்கையோடு நோயாளியைத் தூக்குவது போல, மூக்கை நிமிர்த்தாமலே மொத்தமும் மட்டமாக எழும்பும். முப்பத்தொரு வருடம் பார்த்தும் டோரீனுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிடும்.

அது எதற்காகப் போகிறது என்று தெரியாதவளல்ல. ஒரு வசந்தத்தில் தினமும் இறக்கையடியில் குண்டுகளை நிறைத்துக்கொண்டு போய் வெறுமையாகத் திரும்பின. அந்த வாரங்களில் வேலியோரம் யாரும் கைதட்டவில்லை. டோரீன் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

அந்த வகையில் மொத்தமுள்ள எழுபத்தாறு விமானங்களின் எண்களும் ஒரு சிறு புத்தகத்தில் அச்சாகியிருக்கும். பார்த்த எண்ணின் கீழே சிவப்புக் கோடு. டோரீன் தன் பின்னல் ஊசியை அளவுகோல் போல அணைத்து வைத்துக் கோடு போடுவாள். சட்டம் ஒன்றுதான்: உன் கண்ணால் நீயே படித்திருக்க வேண்டும். புகைப்படம் சேராது. அடுத்தவன் சொன்னதும் சேராது. அவள் புத்தகத்தில் எழுபத்தைந்து கோடுகள் விழுந்துவிட்டன. மிச்சம் நாற்பத்தொன்றாம் எண் மட்டும். அது இந்தத் தளத்துக்கு அதுவரை வந்ததே இல்லை.

அறுவைக்கு முந்தைய திங்கட்கிழமை மாலை, தூறலில், இரண்டு விமானங்கள் வந்து இறங்கின. டோரீனுக்கு இரண்டு சாம்பல் நிறத் தீற்றல்கள் தெரிந்தன. பக்கத்து ஏணியில் தொலைநோக்கியோடு நின்ற க்ளைவ், வேலியோரத்துக்குத் தானே தலைவர் என்று இருப்பவர், உரக்கச் சொன்னார்.

"முன்னாடி வர்றது நாப்பத்தொண்ணு. பின்னாடி நாப்பத்தேழு. டோரீன், உன் ஆளு வந்துட்டான்."

அங்கிருந்த மற்றப் பதினோரு பேரும் புத்தகத்தைத் திறந்து கோடு போட்டார்கள். டோரீன் தன் புத்தகத்தை மூடினாள்.

"எனக்குத் தெரியலை."

"அதான் நான் பாத்துச் சொல்றேன்ல. பதினோரு பேரு சாட்சி. போடு கோட்டை."

"போன வருஷம் உனக்கு மூட்டு மாத்துனாங்களே, க்ளைவ். உனக்குப் பதிலா வேற யாராச்சும் நடந்தாங்களா?"

"வியாழக்கிழமை ரெண்டும் அமெரிக்காவுக்கே திரும்பிப் போகுது. அப்புறம் இந்தப் பக்கம் எப்ப வருமோ. யோசிச்சுக்க."

யோசித்தாள். விமானம் போய்விட்டால் போனதுதான். இருந்தாலும் கோடு போடவில்லை.

செவ்வாய்க்கிழமை அறுவை இருபது நிமிடத்தில் முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும் முன் செவிலி பட்டியல் படித்தாள். சொட்டு மருந்து ஒரு நாளைக்கு நான்கு வேளை. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கண்ணைத் தேய்க்கக் கூடாது, தூசு படக் கூடாது. தூங்கும்போது கண்மூடி கட்டாயம்.

"வியாழக்கிழமை ஏணியில ஏறலாமா?" என்றாள் டோரீன்.

"ஏணியா? எதுக்கும்மா ஏணி?"

"ஒரு எண்ணு படிக்கணும்."

"ஏணி கூடவே கூடாது டோரீன். படிக்கணும்னா உக்காந்து படிங்க."

அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அன்று மாலையே நைஜலுக்குப் போன் செய்தாள். வேலியை ஒட்டிய வயல் அவருடையது, வேலியோரத்துப் பதினோரு பேரில் அவரும் ஒருவர்.

"உன் வைக்கோல் வண்டியை வியாழக்கிழமை வேலிகிட்ட நிறுத்த முடியுமா?"

"முடியும். என்ன ஏத்தணும்?"

"என்னை."

வியாழன் காலை பதினொன்றரைக்கு டோரீன், டிராக்டர் இழுத்து வந்த வண்டியின் மேல், சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஏற்றுவதற்கு ரெஜும் நைஜலும் பலகை சாய்த்துக் கைகொடுத்தார்கள். காதோரம் வரை மூடும் கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் துணி. க்ளைவ் தன் ஏணியிலிருந்து பார்த்தார்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கே. மாப்பிள்ளை யாரு, ரெஜ்ஜா?"

"நான் சொட்டு மருந்து போட வந்த ஆளு," என்றார் ரெஜ். "பன்னெண்டு மணிக்கு ஒரு சொட்டு. அதுக்கு முன்னாடி பறக்கணும்னு அவனுங்ககிட்டச் சொல்லிடு."

பத்து நிமிடம் கழித்து முதல் விமானம் விமானக் கொட்டகையைத் தாண்டி வந்தது. டோரீன் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருடமாகச் சாம்பல் என்று நினைத்திருந்தது நீலம் கலந்த சாம்பலாக இருந்தது. தகடுகளின் ஒட்டுக்கள் தெரிந்தன, விமானியறைச் சன்னலில் ஒருவன் கையாட்டுவது தெரிந்தது. வேலியோரம் முழுக்கக் கைதட்டல்.

"வர்றான், வர்றான், நாப்பத்தொண்ணு," என்றார் க்ளைவ். "நல்லாப் பாத்துக்க."

விமானம் வளைவில் திரும்பி வாலை முழுசாகக் காட்டியது. டோரீன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"அது நாப்பத்தேழு."

"என்னது?"

"கடைசி எண் ஏழு. தலையில கோடு இருக்கு, பாரு. நாப்பத்தேழை நான் மூணு தடவை பாத்தாச்சு."

"உன் கண்ணுக்கு ரெண்டு நாள்தான் ஆகுது. என் கண்ணுக்கு எழுபது வருஷ அனுபவம்."

"அதான் சொல்றேன். உன்னது பழசு."

ஏணிகளில் சிரிப்பு ஓடியது. ஆனால் யாரும் தொலைநோக்கியை எடுக்கவில்லை. எல்லோரும் திங்கட்கிழமையே கோடு போட்டவர்கள். முதல் விமானம் ஓடுபாதையின் முனைக்குப் போய்விட்டது. பேச்சுச் சத்தத்தை எட்டு எஞ்சின்கள் விழுங்கின. அது கறுத்த புகையை விட்டுக்கொண்டு ஓடி, இறக்கையைத் தூக்கி, மட்டமாக எழும்பி மேகத்துக்குள் போயிற்று. இந்த முறை டோரீன் சிரிக்கவில்லை.

ரெஜ் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டாச்சு. போனது போகட்டும். கண்ணாடியைக் கழட்டு, சொட்டு விடணும்."

"ரெண்டாவது இன்னும் வரலை."

"அது நாப்பத்தேழுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் முதல்ல போனதை நாப்பத்தொண்ணுன்னாங்க. சொட்டு காத்திருக்கும், ரெஜ். அஞ்சு நிமிஷத்துல எனக்குக் கண்ணு போயிடாது."

மருந்துப் புட்டியைக் கையில் பிடித்தபடி ரெஜ் வண்டியில் நின்றார். இரண்டாவது விமானம் கொட்டகைக்குப் பின்னாலிருந்து மெதுவாக வந்தது, தொங்கும் இறக்கையோடு, அவசரமேயில்லாமல். வளைவுக்கு வந்தது. காற்று அந்தப் பக்கமாகப் புகையை அடித்து வாலை மறைத்தது. டோரீன் எழுந்து நின்றாள். ரெஜ் அவள் கோட்டைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். புகை விலகியது.

"நாலு," என்றாள். "ஒண்ணு. தலையில ஒண்ணும் இல்லை. மொட்டை ஒண்ணு."

வைக்கோல் வண்டியின் ஓரத்தில் நின்றிருந்த நைஜல் தன் தொலைநோக்கியை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"க்ளைவ்," என்றார், "அவ சொல்றதுதான் சரி."

க்ளைவ் காமிராவில் திங்கட்கிழமைப் படத்தைத் தேடினார். பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். முன்னால் இறங்கியதன் வாலில், தூறலில் மங்கலாக, ஏழின் தலைக்கோடு கிடந்தது. படத்தைத் தானே எடுத்திருந்தும் மூன்று நாளாக அவர் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, தான்தான் சொல்லியாகிவிட்டதே.

"சரி," என்றார் கடைசியில். "எத்தனை பேருக்குப் பன்றிக்கறி வெச்ச ரொட்டி?"

தப்பாக எண் கூவியவர் எல்லோருக்கும் வாங்கித் தர வேண்டும் என்பது வேலியோரத்து வழக்கம். பதினோரு குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன, தனக்குக் கூடுதல் சாஸ் என்று ஒருவர். அந்த இரைச்சலுக்கு மேலே நாற்பத்தொன்று புறப்பட்டது. இறக்கைகள் எழும்பின. உடம்பு ஓடியது. பிறகு மொத்தமும் மட்டமாக, படுக்கையோடு, மேலே. டோரீன் சத்தமாகச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. தேய்க்கக் கூடாது என்று தெரியும், தேய்க்கவில்லை.

சொட்டு விட்டு இரண்டு நிமிடம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு குனியக் கூடாது என்பதால் ரெஜ் புத்தகத்தை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். பின்னல் ஊசியை அணைத்து வைத்துச் சிவப்புக் கோடு போட்டாள். கோடு நேராக வந்திருந்தது, வருடக்கணக்கில் முதல் முறையாக.

"முடிஞ்சுதா?" என்றார் ரெஜ். "எழுபத்தாறும் ஆச்சு. இனிமே என்னோட மீன் பிடிக்க வருவியா?"

டோரீன் ஊசியைப் பைக்குள் செருகினாள்.

"புதுக் கண்ணு இதுவரைக்கும் ரெண்டே ரெண்டுதான் பாத்திருக்கு, ரெஜ்," என்றாள்.