காப்போடு பாலம் தாண்டியவன்

2001இல் பதுளையில் உயர்தரம் படித்த எங்கள் வகுப்புக்கு, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயமொன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தவள் துஷாந்தி. சிரித்தால் உடனே கையால் வாயை மூடிக்கொள்வாள், சிரிப்பு யாரோ கொடுத்துவைத்த பொருள் என்பதுபோல.

வகுப்பில் அவளுக்கு முன் வாங்கில் உட்காருபவன் பார்த்தீபன். யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவரின் மகன். புவியியல் பாடத்துக்குத் தேசப்படம் கீற அவளிடம் பென்சில் வாங்கியதில் தொடங்கியது. அவளை "நீர்" என்பான். தோட்டத்தில் யாரும் அவளை அப்படி அழைத்ததில்லை. அந்தச் சொல்லில் உட்கார ஒரு நாற்காலி போட்டிருப்பதுபோல் இருக்கிறது என்று தோழி றஷீனாவிடம் சொன்னாள்.

"நாற்காலிய விடு. அவன்ட அம்மா என்ன சொல்றா?"

அம்மா அவளைப் பார்க்க வேண்டும் என்றார். மாசி மாதம், வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டதும் கோயிலில்.

அதற்கு முந்திய வாரம் திலீபன் ஊருக்கு வந்தான். அதே லயத்துக்காரன். ஒன்பதாம் வகுப்புவரை இருவரும் ஒரே பஸ்ஸில் போனவர்கள். அவன் முதலில் தாவி ஏறி, ஜன்னலோர இருக்கையைப் பிடித்து அவளுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வருவான். காதல் என்றால் அவ்வளவுதான். பிறகு கொழும்பில் புடவைக் கடை வேலைக்குப் போனான். ஒரு சேதியும் இல்லை.

இப்போது வந்தது காமன் கூத்தில் மன்மதன் வேஷம் கட்ட. கூத்தை நடத்துபவர் துஷாந்தியின் அப்பா. காப்பையும் அவர்தான் கட்டிவிட்டார். காப்புக் கட்டியவன் காமனை எரிக்கும்வரை பாலத்தைத் தாண்டித் தோட்டத்துக்கு வெளியே போகக் கூடாது. போனால் தோட்டத்துக்கே கெடுதி என்பார்கள். கட்டிவிட்டவர் தோட்டத்துச் சபையில் நின்று பதில் சொல்ல வேண்டும்.

லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலியில் திலீபன் அவளைக் கண்டான்.

"எந்தப் புடவைய மடிச்சாலும் ஒன் ஞாபகந்தான்."

"மூணு வருஷமா மடிச்சியா? ஒரு வரி எழுதத் தெரியாதா?"

"எழுதுனா ஒங்கப்பா படிச்சிருவாரே."

"எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அவள் வாயை மூட மறந்துபோனாள். வாளி நிரம்பி வழிந்தது.

"வெள்ளிக்கெழம ஒருத்தரோட அம்மாவப் பாக்கப் போறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவளும் பார்த்தீபனும் பதுளை பஸ் நிலையத்தைக் கடந்து கோயிலுக்கு நடந்தபோது, ஸ்பிரிங்வெளி பஸ்ஸுக்குப் பக்கத்தில் திலீபன் நின்றான். முழுக்கைச் சட்டை. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு துருத்திக்கொண்டிருந்தது.

"காப்போடயா வந்த? அப்பாவ சபையில நிறுத்திருவாங்களேடா!"

"ஒன்னைய அனுப்பிட்டு அங்க நின்னு ஆடச் சொல்றியா?"

"மொதல்ல பஸ்ல ஏறு."

"நீ வந்தா ஏறுறேன்."

பார்த்தீபன் கயிற்றைப் பார்த்தான். "ஆர் இவர்?"

"எங்க லயம். யாரும் பாக்குறதுக்குள்ள இவன பாலத்துக்கு அந்தப் பக்கம் விடணும்."

"அப்ப நீர் போம்" என்றான்.

திலீபன் தாவி ஏறி ஜன்னலோரத்தைப் பிடித்துக் கொடுத்தான். அவள் உட்கார்ந்தாள். வழி முழுக்க அவன் கயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். மனதில் ஒன்றும் ஓடவில்லை. கால் மரத்துப்போனால் அது யாருடையதோ என்று தோன்றுமே, அப்படி.

பாலத்தடியில் இறங்கும்போது கொழுந்துக் கூடையோடு ரெங்கம்மாவும் நான்கைந்து பெண்களும் எதிரே வந்தார்கள்.

"அடேய் மன்மதா! ரதிய நீயே போயி கூட்டியாந்துட்டியா? அங்க நம்ம ரதி மீசைய வழிச்சிட்டுக் காத்துக்கிட்டுக் கெடக்கான்!"

மலைச்சரிவு முழுக்கச் சிரிப்பு. பொழுது சாய்வதற்குள் அப்பா காதுக்குப் போய்விட்டது. சபை கூடியது. யாரும் கோபப்படவில்லை. ரதியைத் தேடிப் போனவனுக்கு என்ன குற்றம் என்றார்கள். திலீபனைக் குளிக்கவைத்துப் புதுக் காப்புக் கட்டினார்கள். அன்றிலிருந்து லயத்தில் அவள் பெயர் ரதி. அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பார்த்தீபன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "நீர் திரும்பி வருவீர் எண்டு நானும் அம்மாவும் கனநேரம் கோயில்ல நிண்டனாங்கள்."

அந்த பஸ் மறுபடி பதுளைக்குத்தான் போகும், அதிலேயே ஏறியிருக்கலாம் என்பது அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

"ம்" என்றாள்.

2004இல் திலீபனுக்கும் அவளுக்கும் கல்யாணம். அவன் லுணுகலையில் ஒரு புடவைக் கடைக்கு மாறிவந்தான். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். பிள்ளைகள் அழுதால் பதறமாட்டாள் என்று தாய்மாருக்கு அவள்மேல் நம்பிக்கை.

அதற்குப் பிறகு ஒருமுறை பதுளை பஸ் நிலையத்தில் றஷீனா அவளைக் கண்டு, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"உண்மையச் சொல்லுடி. ரெண்டு பேர்ல ஒனக்கு யாரப் புடிச்சிருந்திச்சு?"

துஷாந்தி யோசித்தாள். கணக்குப் பாடத்தில் விடை வராதபோது முன்பு யோசிப்பதுபோலவே.

"பஸ் வந்திருச்சு" என்றாள்.

திலீபன் தாவி ஏறி ஜன்னலோரத்தைப் பிடித்திருந்தான்.