பப்ளிக் என்று நான் அழுத்திய பொத்தான்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் வயர் இழுப்பதில் இந்தத் தீவில் என்னை மிஞ்சியவரை இன்னும் பார்க்கவில்லை. துவாஸ் கப்பல் பட்டறையில் கூலியாகத் தொடங்கி, பிறகு சொந்தமாக ஆள் வைத்து, எத்தனையோ அடுக்குமாடிகளில் விளக்கு எரிய வைத்தேன். புக்கிட் மேராவில் நாங்கள் இருக்கும் வீட்டில் கணினிக்கான கேபிளையும் நானே சுவரோரமாக இழுத்தேன். ஒரு இடத்திலும் தொங்காது, பிதுங்காது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். காட்ட வேண்டிய வேலைதான் அது.

அந்தக் கேபிளின் ஒரு முனையில், என் அறையில், என் பெரிய கணினி. மறுமுனையில், கூடத்தில், மனைவியின் மடிக்கணினி. பினாங்கில் இருந்த அவளுடைய அக்கா போன வருடம் காலமாகிவிட்டார். அவர் பல வருடங்களாகக் கைப்பேசியில் பேசி அனுப்பிய குரல் செய்திகளையெல்லாம், மனைவியின் பழைய பேசி கெட்டுப்போகும் முன் எங்கள் மகள் என் கணினியில் பத்திரப்படுத்தியிருந்தாள்.

மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை, திங்கட்கிழமை காலை. வெள்ளிக்கிழமை பையை அடுக்கும்போது கேட்டாள்.

"என்னங்க, அக்கா பேசினதையெல்லாம் என் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுங்க. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு கேக்கணும்."

"இதென்ன பெரிய வேலை?" என்றேன்.

அந்தச் செய்திகள் இருந்த கோப்புறையைக் கேபிள் வழியே பகிர்வதற்கு மகள் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தாள். அப்படியே செய்தேன். கூடத்துக்குப் போய்ப் பார்த்தால் மடிக்கணினியில் என் கணினியின் பெயரே வரவில்லை. அணைத்துப் போட்டேன். அப்போதும் இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் போல இரண்டும் உட்கார்ந்திருந்தன.

"ஒரு தம்ப் டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்களேன்" என்றாள்.

"கேபிள் ஓடுற வீட்டுல கையில தூக்கிட்டு நடக்கணுமா? குழாய் இருக்கிற வீட்டுல குடம் தூக்குவியா நீ?"

"குழாய்ல தண்ணி வரலன்னா தூக்கித்தான் ஆகணும்."

மறுநாள் தேக்காவுக்குப் போனேன். அங்கே கணினிச் சாமான் விற்கும் பாய் எனக்கு நெடுநாள் பழக்கம். கேபிள் முனையில் மாட்டும் தலை நான்கு கேட்டேன்.

"ரெண்டு கம்ப்யூட்டர்லயும் இன்டர்நெட் வருதா அண்ணே?"

"வருது."

"அப்ப கேபிள் நல்லாத்தான் இருக்கு. உள்ள எதையோ தட்டி விட்டிருக்கீங்க."

"நான் இழுத்த கேபிள் நல்லா இல்லாம போகுமா?"

"அப்புறம் எதுக்கு அண்ணே புதுத் தலை?"

நான்கையும் வாங்கி வந்தேன். பழைய தலைகளை வெட்டி எறிந்துவிட்டுப் புதியவற்றை மாட்டினேன். கண்ணாடி போல வேலை. ஆனாலும் ஒன்றுக்கு ஒன்று தெரியவில்லை. சாயங்காலம் அவள் மறுபடி கேட்டாள். "செஞ்சுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அடுக்கிய பையை வெளியே எடுத்து மறுபடி அடுக்கினாள்.

ஞாயிறு மதியம் பொங்கோலிலிருந்து மகள் வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் சொல்லியிருக்க வேண்டும். நேரே என் அறையில் போய் உட்கார்ந்து நாலு இடத்தில் தட்டினாள்.

"அப்பா, நெட்வொர்க்கை பப்ளிக்னு போட்டது யாரு?"

"நான்தான். புதுசா வாங்கினப்ப பப்ளிக்கா பிரைவேட்டான்னு கேட்டுச்சு. அம்மாவோடதுலயும் அதையேதான் போட்டேன்."

"ஏன்பா?"

"நாம இருக்கிறது கவர்மெண்ட் கட்டின எச்டிபி வீடு லா. பிரைவேட்டுன்னு போட்டா பொய்யில்ல?"

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். கூடத்திலிருந்து மனைவியும் சிரிப்பது கேட்டது. அந்த வாரத்தில் முதல் தடவை.

நான் சிரிக்கவில்லை. இந்த ஊரில் பொண்ணு பார்க்க வருகிறவர்கள்கூட, அரசாங்கம் கட்டிய வீடா, தனியார் கட்டிய வீடா என்று, இந்த இரண்டு சொல்லை வைத்துத்தான் ஆளை அளக்கிறார்கள். தனியார் வீடு வாங்க எனக்கு வசதி இருந்தது; வேண்டாம் என்று இருந்தவன். அதனால் தலை நிமிர்ந்துதான் பப்ளிக்கை அழுத்தினேன்.

"இது வீட்டைக் கேக்கல அப்பா. காப்பிக்கடை, ஏர்போர்ட் மாதிரி கண்டவங்க வர்ற இடத்துல லைன் புடிச்சா, அதுக்குப் பேரு பப்ளிக். அங்க கம்ப்யூட்டர் யார் கண்ணுலயும் படாம ஒளிஞ்சுக்கும். சொந்த வீட்டு லைன்னா பிரைவேட். எச்டிபியா இருந்தாலும் உங்க வீடு உங்க வீடுதான்."

இரண்டிலும் மாற்றினாள். என் கணினியின் பெயர் மடிக்கணினியில் வந்து நின்றது. செய்திகள் ஒவ்வொன்றாக என் கேபிள் வழியே கூடத்துக்குப் போயின. கேபிளில் குற்றமில்லை என்று நிரூபணம் ஆனது. ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மூன்று நாளாக மனைவி அறுவை சிகிச்சையை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்ப் டிரைவ் என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

மனைவி ஒன்றைத் தட்டினாள்.

"ஏய், இன்னிக்கு மீன் வாங்கப் போனேன்டி. விலையைக் கேட்டதும் வெறுங்கையோட திரும்பிட்டேன்" என்றது அக்காவின் குரல்.

"கருவாடாவது வாங்கியிருக்கலாம்ல?" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு மனைவி சட்டென்று நிறுத்தினாள். மகள் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"மிச்சத்தை அங்க போய்க் கேட்டுக்கறேன்" என்று மனைவி மடிக்கணினியின் மூடியைச் சாத்தப் போனாள்.

"இன்னொண்ணு போடேன். நான் ஒண்ணுகூட கேட்டதில்ல" என்றேன்.

 அவள் பக்கத்து நாற்காலியில் கிடந்த துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க. ஆனா நடுவுல பேசக் கூடாது."

உட்கார்ந்தேன். பேசவில்லை.