மஞ்சள்தொண்டைச் சின்னானின் கூடு

பெங்களூர் பீன்யாவில் எங்கள் தொழிற்சாலை வேலிப்புதரில் தினமும் ஒரு வெண்புருவச் சின்னான் கத்தும். மங்கிய உடம்பு, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு. பறவைப் புத்தகத்தில் அதற்கு எதிரே 'கவலையில்லை' என்று போட்டிருக்கும். அதன் உறவான மஞ்சள்தொண்டைச் சின்னானுக்கு எதிரே 'அழியும் அபாயம்'. அதற்கு வேலியும் தோட்டமும் ஆகாது, தெற்கத்திப் பாறைக் குன்றுகள்தான் வேண்டும். குன்றை உடைத்து ஜல்லியாக்கினால் போக்கிடம் கிடையாது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். புத்தகத்தில் படித்தது நேரில் வந்து உட்கார்ந்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

போன மழைக்காலத்தில், ஆனேக்கல் பக்கம் ஒரு குன்றில் மஞ்சள்தொண்டைச் சின்னானின் கூட்டைப் பார்த்தேன். குன்றின் பெயரை இப்போதும் எழுதமாட்டேன். அரிய பறவையின் கூடு எங்கே என்று வெளியே சொல்லக்கூடாது, பறவை பார்ப்பவர்களிடையே அது வழக்கம். ஒருவனிடம் மட்டும் சொன்னேன். பக்கத்து மெஷினில் நிற்கும் நண்பன், மதியம் என் டப்பாவில் பாதி அவனுக்கு.

"அம்மா மேல சத்தியம் மச்சி, வாயத் தொறக்க மாட்டேன்" என்றான்.

அடுத்த ஞாயிறு குன்றடியில் வரிசையாகக் கார்கள். மேலே சின்னானின் குரல், ஒரே மாதிரி, விடாமல். பாறைமேல் வைத்திருந்த போனிலிருந்து வந்தது. வேறொரு சின்னான் தங்கள் இடத்தைப் பிடிக்க வந்துவிட்டதென்று நம்பி, ஜோடி இரண்டும் அடைகாப்பதை விட்டுவிட்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. கேமராக்கள் சடசடத்தன. நடுவில் வழிகாட்டியாக என் நண்பன்.

"வாடா. சார், கூட்டைக் கண்டுபிடிச்சது இவன்தான்."

"அத நிறுத்துடா. முட்டை ஆறிடும்."

"ரெண்டு போட்டோ மச்சி. அது பாட்டுக்குத் திரும்பி வந்து உக்காந்துக்கும். ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

போனை நானே எடுத்து அணைத்தேன். ஒருவர் கன்னடத்தில் திட்டினார். நண்பன் அவரிடம் மன்னிப்புக் கேட்டான்.

மறுவாரம் தனியாகப் போனேன். முட்டைகள் அப்படியே கிடந்தன, எறும்பு ஏறியிருந்தது. வெகுநேரம் உட்கார்ந்திருந்தும் ஜோடியைக் காணவில்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அடுத்து எங்க மச்சி? சாருங்க கேக்கறாங்க."

"நம்ம வேலியில. வெண்புருவம். எத்தனை கார் வேணா வரச்சொல்லு."

"அத எவன்டா வந்து பாப்பான்?" என்று சிரித்தபடி என் டப்பாவுக்குக் கை நீட்டினான்.

மூடி போட்டு எடுத்துக்கொண்டு வேலியோரம் போய் உட்கார்ந்தேன். புதருக்குள் அது கத்திக்கொண்டிருந்தது.