தேரடியில் நான் இறங்கவில்லை

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் இடது முழங்கால் குடையும். சென்னீர்குப்பத்தில் எங்கள் காலனி முனையில் இருந்த வாடகை சைக்கிள் கடையின் வாடை அது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனால் பதின்மூன்று வயதில் "குரங்குப் பெடல்" இல்லாமல் சீட்டில் உட்கார்ந்தே சைக்கிள் விட்ட பெண்பிள்ளை காலனியில் நான் ஒருத்திதான். ஒருநாள் பூந்தமல்லி பஸ்ஸின் டிரைவர் சீட்டில் உட்காருவேன் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

ரோட்டுக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். எங்கள் ஆட்கள் தேரடி வந்ததும் இறங்கி, கோயில் கடக்கும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். "எறங்கித் தள்ளிகினு போ. எறங்கினா இன்னா, காலு தேஞ்சா பூடும்?" என்பார் நைனா. ஒரு காலையில் நான் இறங்கவில்லை. பஸ் ஓட்டப் போகிறவள் எதற்கு இறங்க வேண்டும் என்ற திமிர். தேரடி ஓரம் பால்காரர் கன்னியப்பன் கையில் குச்சியோடு நின்றிருந்தார். "ஏய், எறங்குடி" என்று எவனோ பின்னால் கத்த, திரும்பினேன். அதற்குள் முன்சக்கரத்தில் ஏதோ பாய்ந்து, கருங்கல்லில் போய் விழுந்தேன். முழங்கால் சில்லு நொறுங்கியது.

எங்களைத் தொடாத அந்தத் தெருவில், என்னை வாரித் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அதே கன்னியப்பன்தான். நைனா சாகும்வரை அவரைக் கும்பிட்டார். நான் கும்பிடவில்லை. தொடாதவர் தொட்டால், ஏன் தொட்டார் என்று யோசிக்க வேண்டாமா?

கால் பிறகு மடங்கவே இல்லை. பஸ்ஸுக்குக் கிளட்ச் இடது காலில். என் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆட்டோவுக்குக் கிளட்ச் கையில் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை, நானே பார்த்துக் கண்டுபிடித்து ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தேன். "இன்னாக்கா, ஒத்தக் காலுல டான்ஸா?" என்றான் ஸ்டாண்டில் ஒருவன். "நீ ரெண்டு காலு வச்சிகினு இன்னா கிய்ச்ச மாமே?" என்றேன். அவனே பிற்பாடு என்னிடம் டிரைவராகச் சேர்ந்தான். அம்பத்தூர் மெக்கானிக் தலைமேல் நின்று கிளட்சைக் கைக்கு மாற்றிக்கொண்ட என் முதல் ஸ்கூல் வேனை இன்றும் நான்தான் ஓட்டுகிறேன். இப்போது ஏழு வேன். வானகரம் முதல் வேலப்பன்சாவடி வரை என்னைத் தெரியாதவர் இல்லை. காலையில் ஏழு வண்டியின் பிரேக்கையும் நானே மிதித்துப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுப்பேன். யாரையும் நம்புவதில்லை.

போன மாதம் கன்னியப்பன் தடியூன்றி வந்தார், கொள்ளுப்பேத்திக்கு வேனில் இடம் கேட்டு.

"கொய்ந்தைய நீ ஓட்டுற வண்டியிலதாம்மா ஏத்தணும். வேற எவன் மேலயும் எனக்கு நம்பிக்க இல்ல."

"ஏத்திக்கிறேன் அண்ணாத்தே. அன்னிக்கு கையில குச்சி எதுக்கு வச்சிகினு நின்ன?"

அவர் தடியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

"பால்காரன் கையில குச்சி இல்லாமயா? மாட்டுக்குதாம்மா."

குழந்தைக்கு என் சீட்டுக்கு நேர் பின்னால் இடம் கொடுத்தேன். தேரடி இப்போது இல்லை. அந்தக் கருங்கல்லின் மேல் சிமெண்ட் ரோடு போட்டுவிட்டார்கள். ஃப்ளாட்டுக்காரர்கள் பைக்கில் பறக்கிறார்கள், அங்கே ஒருகாலத்தில் இறங்க வேண்டியிருந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது. நான் மட்டும் தினமும் தேரடி இருந்த இடத்தில் வேகம் குறைத்து, அந்தக் காலையை இன்னொரு முறை முழுக்கப் பார்க்கிறேன். கோயில் தெரிகிறது, கல் தெரிகிறது, குச்சியோடு கன்னியப்பன் தெரிகிறார். தெருக்கோடி வரை தேடியும் ஒரு மாடு தெரியவில்லை.