வெள்ளைத்துரைக்கு விட்ட பக்கம்

விருதுநகர் பாலிடெக்னிக் ஒன்றில் சங்கரலிங்கம் டிராயிங் வாத்தியார். நான் பட்டறை வாத்தியார். பத்து வருஷம் ஒரே பெஞ்சில் டீ குடித்தோம். அவருடைய சிவப்புப் பென்சிலுக்குப் பயந்த அளவுக்குப் பையன்கள் என் சுத்தியலுக்குப் பயந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அப்போதைய பாடப்படி, ஒரு பொருளை முன்னாலிருந்து பார்த்த படத்துக்குக் கீழேதான் உச்சியிலிருந்து பார்த்த படம் வரவேண்டும். ஏழாயிரம்பண்ணை வெள்ளைத்துரை மட்டும் உச்சிப்படத்தை மேலே வரைவான். கோடுகள் அத்தனை சுத்தமாக இருக்கும், இடம்தான் மாறியிருக்கும். சங்கரலிங்கம் மூன்று தடவை குறுக்கே அடித்தார். 1959 பரீட்சையில் பூஜ்யம் போட்டார். ஏன் இப்படி வரைகிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானாயிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

லீவு முடிந்தும் பையன் வரவில்லை. நல்ல கை வீணாகிவிடுமே என்று சங்கரலிங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அவன் அம்மா சுப்புத்தாய் தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கய்யா. அவன் பம்பாய்க்குப் போயி பதினஞ்சு நாளாச்சு. படிப்பு எனக்கு ஏறலம்மான்னுட்டான். நடக்கப் பளகுன நாள்லருந்து எங்கூட உக்காந்து கூடு ஒட்டுன பய. எங்கனயாச்சும் பொளச்சுக்கிடுவான்."

சங்கரலிங்கம் பசை காயாத ஒரு கூட்டை எடுத்து, மெதுவாகப் பிரித்துத் தரையில் விரித்தார். முன்பக்கம் கீழே, அதை ஒட்டி உச்சிப்பக்கம் மேலே. வெள்ளைத்துரை வரைந்ததும் அப்படித்தான். அவர் அந்தக் கூட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து மனுஷன் மாறிப்போனார். யார் தப்பாக வரைந்தாலும் பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் அப்படி என்று கேட்டு, அவன் சொன்னதைச் சொன்னபடியே நோட்டில் எழுதுவார். கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் விளிம்பைப் புள்ளிக்கோடாகத்தான் வரைய வேண்டும்; அதைக் காரியாபட்டிப் பையன் ஒருவன் முழுக்கோடாகப் போட்டிருந்தான். கேட்டதற்கு, "கிணத்துல தண்ணிக்குள்ள படி தெரியலன்னாலும் காலு வைக்கோம்ல சார்?" என்றான். அதையும் எழுதிக்கொண்டார். பிறகு கிணற்றை வைத்தே அந்தப் பாடத்தை நடத்தினார்; பையன்களுக்குப் புரிந்தது.

"மார்க் போடச் சொன்னா கதை எளுதிக்கிட்டு இருக்கீரு" என்பார் பிரின்சிபால். இவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

சில வருஷத்தில் பாடமே மாறியது. இனி உச்சிப்படம் மேலேதான் வரவேண்டும் என்று மேலிடத்திலிருந்து தாள் வந்தது. அன்றைக்கு அவர் டீயைத் தொடவில்லை.

"அவனை ஒருதரம் பாக்கணும்யா. நீ வரைஞ்சது தப்பில்லலேன்னு சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

வருஷா வருஷம் தீபாவளி கழிந்ததும் ஏழாயிரம்பண்ணைக்குப் போய்வருவார். கடுதாசி எதுவும் வந்திருக்காது. சுப்புத்தாய்கூட உட்கார்ந்து நாலு கூடு ஒட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்புவாராம்.

1968இல் ரிட்டயரானபோது, பதினோரு நோட்டுகளையும் என்னிடம் காட்டினார். எல்லாம் பையன்களின் பேச்சு. முதல் நோட்டின் முதல் பக்கத்தில் மட்டும் வெள்ளைத்துரை என்ற பெயரும், 'ஏன் இப்படி வரைந்தாய்?' என்ற கேள்வியும் இருந்தன. அதற்குக் கீழே வெறும் தாள்.

"பதில்தான் நமக்குத் தெரியுமே, எளுதிர வேண்டியதுதான?" என்றேன்.

"அது நானா கண்டுபிடிச்சது. அவன் வந்து அவன் வாயால சொல்லட்டும்" என்று நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.