சுவரில் எழுதிய பேரல் கணக்கு

தாமல் கோதண்டபாணிக்கு வீரபத்திரன் ஒரு காலத்தில் எண்பத்தைந்தாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். தன் அப்பா யார் வயலில் கூலிக்கு நாற்று நட்டாரோ, அதே வீட்டில் வாங்கிய கடன். அந்தப் பணத்தில் பழைய மெஷின் ஒன்றைப் போட்டு, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் ஓஸ் செய்ய ஆரம்பித்தார். இரண்டே வருஷத்தில் வட்டியோடு அடைத்தார். மூன்றாங்கிளாஸ் படிப்புத்தான், எண் எழுதுவார், எழுத்துக் கூட்டத் தடுமாறுவார். இன்றைக்குத் தாமல் ஏரிப் பாசனத்தில் எந்த மோட்டார் கொட்டகையில் எட்டிப் பார்த்தாலும் அவர் ஓஸ்தான் சுருண்டு கிடக்கும். இதைச் சொல்லச் சந்தர்ப்பம் வாய்த்தால் விடமாட்டார். ஏன் விடவேண்டும்? உழைத்துச் சம்பாதித்த பேச்சு அது.

ஓஸ் வளையவேண்டுமென்றால் பிளாஸ்டிக் மாவில் எண்ணெய் சேர்க்கவேண்டும். டி.ஓ.பி. என்று பேரலில் வரும். அதைக் குடத்தில் பிடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கலவை மெஷினில் ஊற்றுவது கங்கையம்மாளின் வேலை. வீரபத்திரனின் தெருக்காரி, பதினாலு வருஷமாக அதே வேலை. கட்டிதட்டிய மாவை வெறுங்கையாலேயே பிசைந்துவிடுவாள். கையுறை அவளும் கேட்டதில்லை, அவரும் கொடுத்ததில்லை. சுடாத, நாறாத எண்ணெய் ஆளை என்ன செய்துவிடும் என்று இருவருமே நினைத்திருந்தார்கள்.

அது விஷம், வருஷத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று அறிக்கை கொடு என்றது அரசாங்கம். ஒரு வரம்பைத் தாண்டினால் ஆட்களுக்கு ரத்தப் பரிசோதனை, கழிவுக்குத் தனித் தொட்டி என்று லட்சக்கணக்கில் இழுக்கும். கம்ப்யூட்டர் கடை டேனியல்தான் படிவத்தை நிரப்புவான்.

"பெரிப்பா, மாசமே பத்து பேரல் வாங்குறீங்க. வருஷத்துக்குப் பத்துன்னு போடச் சொல்றீங்களே?"

"போடுபா. உன் துட்டா போவுது?"

நாலு வருஷம் அப்படியே ஓடியது. ஐந்தாம் வருஷம் கங்கையம்மாளுக்கு வயிறு வீங்கிக் கண் மஞ்சளடித்தது. ஈரல் கெட்டிருக்கிறது, வேலையால் வந்ததா என்று பார்க்கவேண்டும், எந்த எண்ணெய், எவ்வளவு என்று கம்பெனியில் எழுதி வாங்கிவா என்றார் டாக்டர். நஷ்டஈடு கேட்கவும் அந்தச் சீட்டுத்தான் வேண்டும்.

"மெய்யான கணக்கு இன்னாவோ அத்த எழுதிக் குடுண்ணா."

"எழுதினா கம்பெனிக்குப் பூட்டு. பதினோரு பேர் சோறுமா."

"என் சோறு அதுல சேத்தியா, இல்லியா?"

காது கேட்காதவர்போல மெஷின் பக்கம் போய்விட்டார். அவள் அரசாங்கத்துக்கு மனுப் போட்டாள்.

பத்து நாளில் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி தேவிப்ரியா வந்தார். வீரபத்திரனுக்கு மகள் வயசு இருக்கும். அதிகாரி பின்னாலேயே வந்து கங்கையம்மாளும் வாசலில் நின்றாள். தேவிப்ரியா படிவத்தைப் புரட்டிவிட்டு, "வருஷத்துக்குப் பத்தே பேரல். ரொம்பச் சின்ன யூனிட். இதுக்கா மனு போட்டாங்க?" என்று சொல்லிக்கொண்டே, மனுவை முடித்துவைக்கும் கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்தார்.

ஒரு நிமிஷம் வாயைக் கட்டியிருந்தால் வீரபத்திரன் தப்பித்திருப்பார். கூலிக்காரன் பிள்ளையாகப் பிறந்து முதலாளியானவர், தன் ஷெட்டுக்குள்ளேயே நின்று அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு எப்படி இருப்பார்?

"இன்னாம்மா சொன்னீங்க? சின்ன யூனிட்டா? மாசத்துக்குப் பத்து பேரல் காலி பண்றவன் நானு! வாங்க, காட்டுறேன்."

கலவை மெஷினுக்குப் பின்சுவரில் ஒவ்வோர் ஆயுதபூஜைக்கும் அந்த வருஷம் காலியான பேரல் எண்ணிக்கையை மஞ்சள் குழைத்து அவர் கைப்பட எழுதிப் பொட்டு வைப்பார். 112, 119, 126. முழ உயரத்துக்கு எண்கள். தேவிப்ரியா செல்போனில் படமெடுத்தார். அப்போதுதான் வீரபத்திரனுக்கு உறைத்தது.

"நல்லா பெருசாத்தான் எழுதிக்கீறண்ணா" என்றாள் கங்கையம்மாள்.

ஒன்பதாம் நாள் மின்சாரத்தைத் துண்டித்து ஷெட்டுக்குச் சீல் வைத்தார்கள். ஆட்கள் கட்டட வேலைக்கும் செருப்புக் கம்பெனிக்கும் கலைந்தார்கள். தெருவில் யாரும் கங்கையம்மாளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. மெய்யான கணக்கு எழுதிய சீட்டு அவள் கைக்கு வந்தது. டாக்டர் அதைப் பைலில் சேர்த்தார். நஷ்டஈட்டுக் கேஸ் முடிய மூன்று வருஷமாவது ஆகும், அதுவரை ஈரல் தாங்குவது சந்தேகம் என்று அவள் மகளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

சரக்கையும் வீட்டு நகையையும் விற்று வீரபத்திரன் ஆட்களுக்குக் கணக்குத் தீர்த்தார். யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைக்கவில்லை. கங்கையம்மாள் கடைசியாக வந்தாள்.

"பதினாலு வருஷத்துக்கு உண்டானது. எண்ணிக்கோமா."

"நீயே எண்ணிப் போடுண்ணா. விரல் நுனியெல்லாம் உரிஞ்சிக்கினு கெடக்குது, நோட்டு பிரியமாட்டுது."

வலது கையை விரித்து நீட்டினாள். உள்ளங்கை வெளுத்து, தோல் காகிதமாய் இருந்தது. வீரபத்திரன் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி, ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை அதில் ஒவ்வொன்றாக வைத்தார். நூறாவது நோட்டு விழும்வரை அவள் கையை மடக்கவில்லை.